கீல் படகின் பழைய பாய்மரம் கட்டமரானுக்கு ஆகுமா?

கடல்கிறுக்கன்: பிரிஸ்பேன் பக்கம் மோர்ட்டன் விரிகுடாவில் ஓட்ட 26 அடி கட்டமரான் வாங்கியிருக்கிறேன். பாய்மரம் இல்லாத மொட்டைப் படகு. சாமானோடு 2 டன். இரண்டு உடலுக்கும் நடுவுக்கு நடு 3.6 மீட்டர். உடைக்கப்போகும் 26 அடி கீல் படகு (அடியில் ‘கீல்’ என்ற கனமான எடை தொங்கும் ஒற்றை உடல் படகு) ஒன்றின் அலுமினிய மரம், ஸ்ப்ரெடர் (பக்கக் கம்பியை மரத்திலிருந்து தள்ளிப் பிடிக்கும் குறுக்குக் கை), மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி எல்லாம் சேர்த்து அடிமாட்டு விலைக்கு வருகிறது. போடலாமா?

வடம்பிடி: வேண்டாம் தம்பி. காற்று அடித்தால் கீல் படகு சாயும். சாய்ந்தால் பாயில் அழுத்தம் குறையும், மரம் பிழைக்கும். கட்டமரான் சாயாது, அடி முழுக்க மரத்துக்கும் கம்பிக்கும்தான். உன் படகு ஒரு உடலைத் தூக்குகிற நேரத்தில் 2000 கிலோவை 1.8 மீட்டரால் (3.6இல் பாதி) பெருக்கு: மரமும் கம்பியும் தாங்க வேண்டிய திருப்பு விசை 3600 (கிலோ × மீட்டர்). அந்தக் கீல் படகு 30 பாகை சாய்ந்து நிற்கும்போது 1100 இருக்கலாம்.

அலைச்சல்: அண்ணா, கணக்கைப் பாதியிலேயே நிறுத்திட்டீங்க. பக்கக் கம்பியை எங்கே கட்டுறோம்? கீல் படகில் மரத்திலிருந்து 1.2 மீட்டர்தான். இவர் படகில் 2.1 வரைக்கும் தள்ளிக் கட்டலாம். வகுத்துப் பாருங்க: இங்கே 1700 கிலோ, அங்கே 900 சொச்சம். மூணு மடங்குன்னு மிரட்டினது ரெண்டுக்குள்ள வந்துடுச்சு. 6 மி.மீ. கம்பியைத் தூக்கிப் போட்டுட்டு 8 போட்டா முடிஞ்சுது. 6 அறுபடுறது 3 டன் வாக்கில், 8 சுமார் 5 டன்னில்.

வடம்பிடி: கம்பியைத் தடிப்பாக்கினால் மரம் தடிக்குமா? கம்பி கீழே இழுக்கிற எடை அத்தனையும் மரத்தைத்தான் நசுக்கும். அந்த மரம் டெக்கை (படகின் மேல்தளத்தை) துளைத்துக் கீல் வரை இறங்குகிற ரகமா என்று முதலில் கேள். அப்படியென்றால் டெக்கும் கீலும் சேர்ந்து அதன் அடியைக் கவ்விப் பிடித்திருக்கும். கட்டமரானில் குறுக்குச் சட்டத்தின் மேல் வெறுமே உட்காரும். ஸ்ப்ரெடருக்குக் கீழே உள்ள பகுதி வளையாமல் தாங்கும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

சும்மாவந்தவன்: நாலு கட்டையைக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம், இந்தத் தொல்லை ஏதாவது உண்டா? அந்தப் பேரைக் கொண்டுபோய் ரெண்டு உடல் படகுக்கு வெச்சுட்டாங்க.

அலைச்சல்: 😀 சரி, அடிப்பகுதி விஷயத்தில் அண்ணா சொல்றது நியாயம்தான், ஒத்துக்கிறேன். ஆனா ‘கீல் படகு மரமே ஆகாது’ங்கறதை ஒத்துக்க மாட்டேன். பெரிய படகின் மரமா பார்த்து வெட்டிப் போடுங்க. இன்னொண்ணு: பெரும்பாலான கட்டமரான்களில் பின் ஸ்டே (மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற கம்பி) கிடையாது, பக்கக் கம்பிகளே பின்னால் சாய்ந்து அந்த வேலையைப் பார்க்கும். ஸ்ப்ரெடர் நேரா நிக்கிற ரகமா இருந்தா அதையும் பின்னால் சாய்க்கணும். இல்லேன்னா கம்பி அதைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளியே அது மரத்தோட சேர்ற வேர்ல விரிசல் விடும்.

கடல்கிறுக்கன்: போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கீல் வரை இறங்குகிற மரம்தான். மரம் டெக்கைத் துளைக்கிற இடத்து வளையம் இருந்த பகுதியில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளைப் பொடி, கீழே குழிகுழியாக அரிப்பு. வடம்பிடி அண்ணா முன்பு ஒருமுறை சொன்னபடி பஞ்சை வைத்துக் கம்பியை உருவினேன். முனையை இறுக்கிய குழாய்க்குச் சற்று மேலே பஞ்சு சிக்கியது. ஒரு இழை அறுந்து நின்றது. விட்டுவிட்டேன். இப்போது 33 அடி படகின் மரம் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, டெக் மேலேயே நிற்கும் ரகம். 1.5 மீட்டர் குறைக்க வேண்டும். தலையிலா, அடியிலா?

அலைச்சல்: அடியிலதான். தலையில கப்பி, ஸ்டே பிடி எல்லாம் இருக்கே, அதை யார் மறுபடி செய்யறது?

வடம்பிடி: அடியில் வெட்டினால் பூம் (பாயின் அடி விளிம்பைப் பிடிக்கும் கிடைக்கட்டை) மாட்டுகிற இடத்தை மேலே ஏற்ற வேண்டும், ஸ்ப்ரெடரும் 1.5 மீட்டர் இறங்கிவிடும். அளந்துவிட்டு ரம்பத்தை எடு. கம்பி மட்டும் புதுசு, பேரமே வேண்டாம்.