புதுப்பிப்பு: ஃபிகாரோ உடைகள் ஒருவழியாக முடிவாகிவிட்டன

மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஓபராவை, அது 1786-இல் வியன்னாவில் அரங்கேறிய காலத்து உடையிலேயே போடுகிறோம், மார்பையும் இடுப்பையும் இறுக்கும் கோர்செட் கட்டிக்கொண்டு பாடகிகள் எப்படி மூச்சு விடுவார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா? பதில் சொன்னவர்களுக்கு நன்றி. பாடகி மூச்சை முழுதாக இழுத்து விலா விரிந்து நிற்கும்போது அளவெடுத்தோம், பக்கவாட்டில் எலாஸ்டிக் பட்டியும் வைத்தாயிற்று, ஒத்திகையிலேயே அதைப் போட்டுப் பாடுகிறார்கள்.

பாவாடைக்குள் வைத்து இடுப்பை அகலமாகக் காட்டும் வளையம், பிரபுவின் மனைவியான சீமாட்டிக்கு மட்டும். பணிப்பெண் சுசானா மேடை முழுக்க ஓடி ஒளிய வேண்டியவள், அவளுக்கு அது சரிப்படாது.

அப்புறம் கெருபினோ. சிறுவன் வேடத்தில் பாடுவது ஒரு பெண், இரண்டாம் அங்கத்தில் அந்தச் சிறுவனுக்கு சுசானா பாடிக்கொண்டே பெண் உடை போட்டுவிடுகிறாள், அதனால் வெளியே நாடா தெரிந்தாலும் உள்ளே எல்லாம் பிரஸ் பட்டன்தான். பழமைவாதிகள் மன்னிக்கவும்!

நான்காம் அங்கத்தில் சீமாட்டியும் சுசானாவும் உடை மாற்றிக்கொள்வதற்குத் தலையை மூடும் மேலங்கிகள், ஒன்று வெளிர் நிறம், ஒன்று அடர் சிவப்பு. பிரபு ஏமாற வேண்டும், கடைசி வரிசையில் இருப்பவர் ஏமாறக் கூடாது. பொய்முடிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.