ஷிண்டென் மாடல் கட்டிய அனுபவம்

ஜப்பானியப் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கட்ட உட்காருபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஜீரோ விமானத்தில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான். ஆனால் கட்டியதிலேயே என்னை அதிகம் ஈர்த்தது கியூஷூ ஜே7டபிள்யூ1 ஷிண்டென். சின்ன இறக்கை மூக்கில், பெரிய இறக்கை பின்னால், அதற்கும் பின்னால் ஆறு பிளேடு புரொப்பெல்லர். வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியில் இதைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று கேட்காமல் போவதில்லை.

நான் எடுத்தது ஹாசெகாவா நிறுவனத்தின் 1/48 கிட், அதாவது அசலில் 48-ல் ஒரு பங்கு அளவில் கட்டும் பாகங்களின் பெட்டி. அசல் விமானம் 9.66 மீட்டர் நீளம், மாடல் 20 செ.மீ. வருகிறது. காக்பிட் எளிமையானது, அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கவனம் தேவைப்படுவது மூக்கில்தான். பசை போட்டு மூடுவதற்கு முன்னால் உள்ளே எடை வைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மாடல் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும். தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக் குண்டுகளை நசுக்கி, மூக்குக்குள் இடம் இருந்த மட்டும் அடைத்தேன். அதைச் செய்யும்போதுதான் அசலின் அமைப்பு பிடிபட்டது. 2,000 குதிரைத்திறனைத் தாண்டிய 18 சிலிண்டர் மிட்சுபிஷி எஞ்சின் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் புரொப்பெல்லர் இல்லாததால் 30 மி.மீ. பீரங்கிகள் நான்கையும் மூக்கிலேயே சேர்த்து வைக்க முடிந்தது. அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தத்தான் இத்தனையும்.

எனக்கு மிகவும் பிடித்த பாகம், ஸ்ப்ரூவிலேயே (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) மிகச் சிறியதாக இருக்கும் இரண்டு சக்கரங்கள். பிரதான இறக்கைமேல் நிற்கும் செங்குத்து வால்கள் இரண்டின் அடியிலும் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அழகுக்காக வைத்தவை அல்ல. 1945 ஜூலையில் முதல்முறை மேலெழும்ப முயன்றபோது மூக்கு அதிகமாகத் தூக்கி, புரொப்பெல்லரின் நுனிகள் ஓடுபாதையில் மோதி வளைந்தன. அதன் பிறகு ஷிராகிகு பயிற்சி விமானத்தின் வால் சக்கரங்களை எடுத்து வந்து அங்கே பொருத்தினார்கள். விமானம் அவ்வளவு உயரமான கால்களில் நிற்பதற்கும் அதே புரொப்பெல்லர்தான் காரணம். அந்தக் கால்கள் மாடலில் மெல்லியவை, நேராக நிற்க வைக்கப் பொறுமை வேண்டும். இரண்டையும் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்துச் சரிசெய்து, பசை முழுவதும் காயும்வரை தாங்கு கொடுத்து வைப்பது நல்லது.

வண்ணம்: மேலே கரும்பச்சை. ஏர்பிரஷில் ஒரே சீராக அடித்தேன், பெயின்ட் உரிந்த அடையாளம், எண்ணெய்க் கறை எதுவும் போடவில்லை. சிலர் இந்த விமானத்தைப் பல போர்களைப் பார்த்ததுபோல அழுக்காக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஷிண்டென் முதலில் பறந்தது 1945 ஆகஸ்ட் 3 அன்று, இன்று ஃபுக்குவோக்கா விமான நிலையம் இருக்கும் இடத்தில். எல்லாப் பறத்தலையும் கூட்டினாலும் ஒரு மணி நேரம் வராது. ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. சண்டைக்கே போகாத விமானத்துக்குச் சண்டைத் தழும்பு எதற்கு?

கட்டி முடித்த பிறகு அமெரிக்கா போகும் வாய்ப்பு வந்தது. வர்ஜீனியாவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உட்வர்-ஹேஸி மையத்தில் இதன் முன்பகுதியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் கப்பலில் கொண்டுபோன விமானம் அது, உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே ஷிண்டென். மூக்கிலுள்ள சின்ன இறக்கையை நான் மாடலில் வெறும் தகடுபோல நினைத்து ஒட்டியிருந்தேன். நேரில் பார்த்தபோது அதன் தடிமனும், பின் விளிம்பில் அசையும் பகுதிகளும் கண்ணில் பட்டன. அந்த இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை. இந்த வடிவம் நிலையாகப் பறக்குமா என்று இதை வடிவமைத்த கடற்படை அதிகாரி மசாவோக்கி சுருனோ முதலில் மரக் கிளைடர்களில் சோதித்த பிறகுதான் எஞ்சின் வைத்த விமானத்துக்கு வந்தார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

ஜப்பானில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, ஃபுக்குவோக்கா மாகாணத்தின் தாச்சியாராய் அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் முழு அளவு மாதிரி ஒன்று இருக்கிறது. அப்புறம், சோகேய்-முரா நிறுவனத்தின் 1/32 கிட்டை யாராவது கட்டியிருந்தால் சொல்லுங்கள். எஞ்சினை முழுதாகத் தருகிறார்கள். அடுத்து அதைத்தான் வாங்கப் போகிறேன்.