டியூப் இல்லாமல் தொண்டை ஆபரேஷன்: எங்கள் வீட்டு அனுபவம்

எங்க வீட்டுக்காரர் சேலம் – ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர். 20 கொண்டை ஊசி வளைவும் "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று கத்திக் கத்தியே குரல் போய்விட்டது, நானும் சளிதான் என்று நினைத்து இரண்டு மாதம் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு இ.என்.டி. டாக்டர் கேமரா விட்டுப் பார்த்து, குரல் நாணில் அதே மிளகு அளவுக்கு ஒரு பாலிப், அதாவது சின்னச் சதை வளர்ச்சி என்றார்.

கையெழுத்து வாங்க வந்த மயக்க மருந்து டாக்டர், "டியூப் விட மாட்டோம்மா, மூக்கு வழியாத்தான் ஆக்சிஜன், கொஞ்ச நேரம் அவரா மூச்சு விட மாட்டார்" என்றாரே பார்க்கலாம், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம்தான் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். மூச்சுக்காகத் தொண்டைக்குள் விடும் டியூப் போவது இரண்டு குரல் நாணுக்கும் நடுவில்தான், வெட்ட வேண்டிய இடத்தையே மறைத்துக்கொள்ளும். வார்டில் மூக்கில் மாட்டுவது நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர், இதில் 70 லிட்டர் வரை போகுமாம். அவ்வளவு வேகத்தில் காய்ந்த காற்று போனால் மூக்கு புண்ணாகிவிடும், அதனால் ஈரமாக்கி 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் விடுவார்களாம். மயக்கத்தில் உடம்புக்குத் தேவை நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன்தான், நெஞ்சு அசையாவிட்டாலும் நுரையீரல் அதை இழுத்துக்கொள்ளும். கரியமில வாயு வெளியேறுவதுதான் குறையும், அது மெல்ல ஏறும், அதற்குள் முடிக்க வேண்டும். ஆக்சிஜன் அளவு இறங்கினால் உடனே போட டியூப் பக்கத்திலேயே இருக்கும். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

வேலை 12 நிமிடத்தில் முடிந்தது. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "பஸ் முன்படியில் நின்னா மூஞ்சில அடிக்கிற காத்து, ஆனா சூடு" என்று எழுதிக் காட்டினார். எனக்கு ஒரு வருத்தம், நாக்கை அழுத்தும் கருவியால் நாக்கு நுனி நாலு நாள் மரத்துக் கிடக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, பக்கவாதமோ என்று பயந்தே போனோம்.

—

அக்கா, நான் சேலத்தில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். 2015இல் இங்கிலாந்தில் பட்டேல், நூராயி என்ற இரண்டு டாக்டர்கள் 25 பேருக்குச் செய்ததை எழுதின பிறகுதான் இந்த முறை பரவலாச்சு. டியூப் இல்லாததால் மயக்க வாயு கொடுக்க முடியாது, பால் மாதிரி வெள்ளையா ஒரு மருந்தை நரம்பு வழியா விட்டுக்கிட்டே இருப்போம். லேசர் வைத்து வெட்டுவதாக இருந்தால் கட்டாயம் முன்னாடியே பேசிக்குங்க, அவ்வளவு ஆக்சிஜனில் லேசர் பட்டால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. ரொம்ப உடம்பு கனமானவங்களுக்கு ஆக்சிஜன் சீக்கிரம் இறங்கிடும், அவங்களுக்கு யோசிச்சுத்தான் செய்வாங்க. இப்ப அண்ணா பேசுறாரா?

—

இல்லை தம்பி, ஒரு வாரம் கிசுகிசுக்கக்கூட கூடாது என்று உத்தரவு. காபி வேண்டும் என்றால் கண்டக்டர் விசிலை ஊதுகிறார், இன்று காலைதான் பிடுங்கி பீரோவில் வைத்தேன்.