பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு 920ஆ, 921ஆ? மாநாட்டுக் கட்டுரை திரும்பி வந்திருக்கிறது

ஆய்வு மாணவி, திருச்சி:
வணக்கம். தென் மாநிலங்களின் வரலாற்றுத் துறையினர் ஆண்டுதோறும் கூடும் மாநாடு ஒன்றுக்கு உத்தரமேரூர்ச் சபைத் தேர்தல் பற்றிக் கட்டுரை அனுப்பியிருந்தேன். சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். முழுக் கட்டுரை இரண்டு குறிப்புகளோடு திரும்பி வந்திருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுச் சாசனங்களுக்கு 919, 921 என்று போட்டிருந்தேன். 921ஐ வட்டமிட்டு, "எந்தக் கணக்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். புத்தகங்களில் அப்படித்தானே அச்சாகியிருக்கிறது? இன்னொன்று, அடிக்குறிப்பில் "1898இன் 1, 2" என்று கொடுத்தது போதாதாம். வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். நெறியாளர் வெளியூரில் இருக்கிறார்.

கல்லெழுத்து:
பராந்தகன் முடிசூடிய 907உடன் 14ஐக் கூட்டினால் 921 வரும். ஆனால் முடிசூடிய ஆண்டே முதலாம் ஆட்சியாண்டு. எனவே ஒன்றைக் கழிக்க வேண்டும். 14ஆம் ஆண்டு 920-21, 12ஆம் ஆண்டு 918-19. வழக்கமாக இப்படி இரட்டை ஆண்டாகப் போட்டுவிட்டுப் போய்விடலாம். உங்கள் சாசனத்தில் அதற்கும் மேல் ஒரு துப்பு இருக்கிறது. தொடக்கத்தைப் பாருங்கள்: "யாண்டு பதினாலாவது நாள் பதினாறு". பராந்தகன் பட்டமேறியதை 907 ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் வைக்கிறார்கள். அப்படியானால் 14ஆம் ஆண்டு 920இன் அதே மாதங்களில்தான் தொடங்கும். அதிலிருந்து பதினாறாம் நாள், எப்படி இழுத்தாலும் 921ஐத் தொடாது. வட்டமிட்டவர் விவரமானவர்.

ஓய்வு பெற்ற பேராசிரியை:
மேலே சொன்னது சரி. ஒரு எச்சரிக்கை மட்டும், அம்மா. பாண்டியர் கல்வெட்டுகளில் "இரண்டாவதின் எதிர் ஆறாவது" என்று வந்தால் இரண்டு எண்களையும் கூட்டி எட்டாம் ஆண்டு என்று கொள்ள வேண்டும். இங்கே 'எதிர்' கிடையாது, அந்தக் குழப்பம் வேண்டாம். கட்டுரையில் 920 என்று எழுதி, பல நூல்களில் 921 என்று இருப்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிரிவுத் தலைவர் கேட்காவிட்டாலும் பின்வரிசையிலிருந்து யாராவது எழுந்து கேட்பார்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன். சோழர் வரலாற்றை விசயாலயனிலிருந்து தொடங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். முன்னுரை முடியும்போது மணி அடித்துவிடுகிறது. 12ஆம் ஆண்டுச் சாசனம் உறுப்பினரின் வயதை 30 முதல் 60 என்கிறது. இரண்டே ஆண்டுகளில் அது 35 முதல் 70 ஆகிறது. ஏன் மாற்றினார்கள் என்பதிலிருந்து பேசுங்கள். குடத்தில் ஓலையிட்டு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையைப் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சலித்த அவையும் நிமிர்ந்து உட்காரும்.

ஆய்வு மாணவி, திருச்சி:
மிக்க நன்றி அம்மா, ஐயா. 920 என்று மாற்றிவிட்டேன். அடிக்குறிப்பை எப்படி எழுதுவது? கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது; அவர்கள் ஒருங்குறி (யூனிகோடு) கேட்கிறார்கள்.

கல்லெழுத்து:
"கல்வெட்டு ஆண்டறிக்கை, 1898, எண்" என்று முழுமையாக எழுதுங்கள். இரண்டு எண்களையும் சேர்த்துப் போடாமல், எந்த எண் எந்த ஆட்சியாண்டுச் சாசனத்துக்கு உரியது என்று பிரித்துக் காட்டுங்கள். அதைத்தான் கேட்டிருப்பார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர் என்று இடத்தையும் சேர்த்தால் நல்லது. தென்னிந்திய வரலாற்றுப் பேரவையின் பழைய கட்டுரைத் தொகுதி ஒன்று உங்கள் துறை நூலகத்தில் இருந்தால், அடிக்குறிப்பு நடைக்கு அதையே பாருங்கள்.

அச்சுக்கோப்பவன்:
பாமினி, ஆங்கிலக் குறிகளின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றிய பழைய எழுத்துரு; அதில் அரைப்புள்ளி (;) விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. மொத்தக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றினால் ஆங்கில நூற்பெயர்கள் எல்லாம் தமிழெழுத்துக் குப்பையாகிவிடும். முதலில் அடிக்குறிப்புகளைத் தனிக் கோப்பாக வெட்டி வைத்துவிட்டு, உடற்பகுதியை மட்டும் மாற்றுங்கள். பிறகு பிடிஎஃப் ஒன்றும் எடுத்து உடன் அனுப்புங்கள்.

ஓய்வு பெற்ற பேராசிரியை:
உறுப்பினர் சந்தா கட்டிவிட்டீர்களா? பல மாநாடுகளில் சந்தா ரசீது இல்லாமல் கட்டுரை வாசிக்க விடமாட்டார்கள். இணை ஆசிரியர் இருந்தால் அவருக்கும் தனியாகக் கட்ட வேண்டுமா என்று சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.