பொள்ளாச்சி வீட்டார் குழு: ஸ்விஃப்டுக்கு டியூனிங் பாக்ஸ் வேண்டுமா?

*சனி*

பிரபு, 8:12
செல்வம் மாமா, நம் ஸ்விஃப்ட் டீசலுக்கு டியூனிங் பாக்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். 2012 வண்டி, 75 குதிரைத்திறன். இது மாட்டினால் 90 ஆகும் என்று போட்டிருக்கிறார்கள். போன மாதம் வால்பாறை ஏறும்போது இழுவையே இல்லை. முன்பு மூன்றாம் கியரில் ஏறிய இடமெல்லாம் இப்போது இரண்டு கேட்கிறது. ஏசியை அணைத்துவிட்டுத்தான் போனோம்.

பிரபு, 8:13
📷 இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் சோதனைக் கருவி மாட்டும் இடம்) சொருகுவது, விலை ரொம்பக் குறைவு. இன்னொன்று ஒயரோடு வரும் பெட்டி.

பெரியம்மா, 8:20
அன்றைக்கு அஞ்சு பேர், மேலே கேரியரில் மூட்டை வேறு. பாவம் அந்த வண்டி.

செல்வம் மாமா, 9:05
கண்ணு, முதல் படத்தில் இருப்பதை மறந்துவிடு. அந்த மாதிரி மலிவுச் சொருகிகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே விளக்கு மினுக்க ஒரு சில்லு இருந்தது, அவ்வளவுதான். வண்டியோடு அது ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

செல்வம் மாமா, 9:11
இரண்டாவது உண்மையாகவே வேலை செய்யும். காமன் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு கொடுக்கும் குழாயில், ஒரு பிரஷர் சென்சார் இருக்கிறது. அதற்கும் இசியுவுக்கும் (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) நடுவில் இந்தப் பெட்டி உட்காரும். ரெயிலில் அழுத்தம் 1000 பார் (bar) இருந்தால் 900 என்று சொல்லும். இசியு அதை நம்பி, குறைகிறதே என்று அழுத்தத்தை ஏற்றும். இன்ஜெக்டர் திறக்கும் நேரம் அதேதான், ஆனால் அழுத்தம் கூடியதால் டீசல் அதிகமாக இறங்கும். ரீமேப் என்றால் இசியுவில் உள்ள கணக்கையே திருத்துவார்கள். பெட்டி கணக்கைத் தொடாது, பொய் மட்டும் சொல்லும்.

பிரபு, 9:14
அப்படியென்றால் 90 வரும்தானே மாமா?

செல்வம் மாமா, 9:22
வரலாம். ஆனால் இதே 1.3 லிட்டர் இன்ஜினில் கம்பெனியே 90 கொடுத்தது, எர்டிகாவில். எப்படி? காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவையே மாற்றினார்கள், உள்ளே இதழ்கள் அசைந்து கொடுக்கும் விஜிடி வகை வைத்தார்கள். காற்று கூடியது, அதற்கேற்ப டீசலும் கூடியது. காற்று போதாமல் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம்.

செல்வம் மாமா, 9:25
பட்டறைக்குப் பெட்டி மாட்டிய வண்டி ஒன்று வந்தது. நாலாம் கியரில் மிதித்தால் ஆர்பிஎம் முள் விர்ரென்று மேலே போகும், வேகமுள் நகராது. கிளட்ச் வழுக்கல். இறக்கிப் பார்த்தால் பிளேட் நீலம் பாரித்துக் கிடந்தது. தேய்ந்த கிளட்ச் அந்த இழுவையைத் தாங்கவில்லை.

கவிதா அக்கா, 9:40
பிரபு, மாட்டுவதாக இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிட்டு மாட்டு. சொல்லாத மாற்றம் என்றால் க்ளெய்ம் நேரத்தில் பிரச்சினை வரும். நான் தினமும் பார்க்கிற வேலை இது.

பிரபு, 9:43
சர்வீஸுக்கு விடும்போது கழற்றி வைத்துவிடலாம் என்கிறார்களே அக்கா.

கவிதா அக்கா, 9:44
விபத்து நடந்த இடத்தில் கழற்ற முடியுமா? அந்த நினைப்பே வேண்டாம் தம்பி.

செல்வம் மாமா, 10:02
சரி, ஒன்று சொல். ஏற்றத்தில் மிதிக்கும்போது பின்னால் கருப்பாகப் புகை வருகிறதா?

பிரபு, 10:05
வருகிறது மாமா. பின்னால் வந்த பைக்காரர் கையால் மூக்கை மூடிக்கொண்டார். உஸ்ஸென்று ஒரு சத்தமும் கேட்கிறது, 2000 ஆர்பிஎம்முக்கு மேல்.

செல்வம் மாமா, 10:06
அதை முதலில் சொல்லக் கூடாதா கண்ணு! அது காற்று ஒழுகும் சத்தம். இதன்மேல் பெட்டி மாட்டினால் புகை இரண்டு மடங்காகும். பணம் எதுவும் கட்டாதே. மத்தியானம் பட்டறைக்கு வா.

பிரபு, 16:50
📷 மாமா கண்டுபிடித்துவிட்டார். டர்போவிலிருந்து காற்றுப் போகும் ரப்பர் ஹோஸ். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. துடைத்துவிட்டு மடக்கினால் சுண்டுவிரல் நீளத்துக்கு வாய் பிளக்கிறது. ஏர் ஃபில்டரும் அடைத்துப்போய்க் கிடந்தது. இரண்டையும் மாற்றியாயிற்று.

செல்வம் மாமா, 17:30
இப்போது ஓட்டிப் பார். அப்புறமும் போதவில்லை என்றால் முதலில் கிளட்சைப் பார்ப்போம். அதன்பிறகு, குறைந்த அளவில் வைக்கத் தெரிந்தவரிடம் பெட்டி மாட்டலாம். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

*ஞாயிறு*

பிரபு, 11:18
ஆழியாறிலிருந்து ஏறி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நிற்கிறோம், லோம்ஸ் வியூ பாயிண்ட். வளைவுகளில் மட்டும் இரண்டு, மற்றபடி மூன்றாம் கியர். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் புகையே தெரியவில்லை. பெட்டி வேண்டாம் மாமா, ஆர்டர் போடவில்லை.

செல்வம் மாமா, 11:25
நல்லது கண்ணு. இறங்கும்போது கியரிலேயே இறங்கு, பிரேக்கை மட்டும் நம்பாதே.

பெரியம்மா, 11:26
பாட்டிக்கு வாந்தி வந்ததா?

பிரபு, 11:31
இல்லை பெரியம்மா. இங்கே வந்து எழுப்பித்தான் அணையைக் காட்டினோம்.