தளியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு

ஓசூரை அடுத்த தளிப் பக்கம் எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். அதனால்தானோ என்னவோ, பழைய தஞ்சை மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் விவசாயத் தொழிலாளர் தலைவர் பி.எஸ்.ஆர். நினைவிடம் என்னை அவ்வளவு உலுக்கியது. பி.எஸ்.ஆர். என்கிற பி.சீனிவாசராவ் 1907-ல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள தென் கனராவில் பிறந்தவர், தாய்மொழி கன்னடம். கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பி 1943-ல் தஞ்சைக்கு வந்தார். மிராசுதார்கள் எனப்பட்ட பெரிய நிலக்காரர்களிடம் அடிமைபோல உழைத்த பண்ணையாட்களின் குடிசைகளிலேயே தங்கி, அவர்கள் குடித்த கஞ்சியைக் குடித்து, ஊர் ஊராகச் சங்கம் கட்டினார். மேல்சாதியில் பிறந்தவர் சேரிக்குள் போய் உட்காருவதே அன்றைக்குப் பெரிய கலகம்.

ஓசூரில் என்னோடு வேலை செய்யும் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோதுதான் அந்த நினைவிடத்துக்குப் போனேன். நடவு வேலைக்குப் போகும் வயதான அம்மா ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். "யாரும்மா இவரு?" என்று கேட்டேன்.

"எங்கப்பா வேட்டிய முழங்காலுக்குக் கீழ இறக்கிக் கட்ட முடியாது தம்பி. கட்டுனா சவுக்கடி. அதுக்கு மேல சாணிப்பால். இவரு வந்த பொறவுதான் எங்க சனம் நிமிந்து நின்னுச்சு."

சாணியைத் தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயால் வாயில் ஊற்றுவார்களாம். குடித்த பிறகும் அப்பாவை வேலைக்கு விரட்டினார்கள் என்று சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் உயர்ந்துவிட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்களை ஒப்புக்கொள்ள வைத்தது 1944 மன்னார்குடி ஒப்பந்தம். அடிக்கக் கூடாது என்பதற்கே ஓர் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது, பாருங்கள்! 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்குப் பின்னாலும் அந்தச் சங்கத்தின் போராட்டம் இருக்கிறது.

ஊருக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உன் பாட்டி களை எடுக்க வருகிறவர்களுக்குக் கொட்டாங்கச்சியில்தான் மோர் ஊற்றுவாள்" என்றார். எங்கள் பக்கம் கேழ்வரகுக் காடு, அங்கே நெல் வயல். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. இதை நம் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பி.எஸ்.ஆர். இறந்தது 1961 செப்டம்பர் 30. வருஷா வருஷம் அன்றைக்குத் தோழர்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிப் போகிறேன். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமிருந்து வர நினைப்பவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். அப்படியே கீழ்வெண்மணிக்கும் போகலாம். கூலி உயர்வு கேட்டதற்காக 1968-ல் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் நினைவிடம் அங்கே இருக்கிறது.