டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ஜேம்ஸ் வைஸ்மனை வாங்கலாமா?

நோவைக்காரன் · 6 பிப்ரவரி 2023

என்பிஏ கூடைப்பந்து லீக்கில் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேட் காலக்கெடு வியாழக்கிழமை பிற்பகல் 3 மணியோடு முடிகிறது. நம் பிஸ்டன்ஸ் கிழக்குப் பிரிவில் கடைசியில் கிடக்கிறது. கேட் கன்னிங்ஹாம் 12 ஆட்டத்தோடு கால் எலும்பு அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார். இந்த சீசனில் இனி இழக்க ஒன்றுமில்லை. அதனால் கேட்கிறேன், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜேம்ஸ் வைஸ்மனை நாம் வாங்கினால் என்ன?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்டர், அதாவது வளையத்தருகே ஆடும் உயரமான ஆள். ஏழடி உயரம், வயது 21. 2020 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) ஆன்டனி எட்வர்ட்ஸுக்கு அடுத்து, இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்துக்கு மூன்றே ஆட்டம் ஆடினார். பயிற்சியாளர் பென்னி ஹார்டவே 2017இல் இவர் குடும்பம் வீடு மாற 11,500 டாலர் கொடுத்திருந்தார் என்று சொல்லி கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ 12 ஆட்டத் தடை போட்டது. இவர் பல்கலைக்கழகத்தை விட்டே போய்விட்டார். வாரியர்ஸில் முதல் சீசனில் 39 ஆட்டம், சராசரி 11.5 புள்ளி. 2021 ஏப்ரலில் முழங்காலில் மெனிஸ்கஸ் குருத்தெலும்பு கிழிந்தது. அடுத்த சீசன் முழுக்கக் களமே இறங்கவில்லை. இந்த சீசனில் 21 ஆட்டம், நடுவில் கொஞ்ச நாள் சாண்டா குரூஸில், என்பிஏவுக்குக் கீழுள்ள ஜி லீக்கில்.

ஜி லீக்கை விட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள். 3, 39, 21. பள்ளி முடித்து மூன்றரை வருஷத்தில் மொத்தம் 63 ஆட்டம். என்பிஏவில் ஒரு சீசனே 82 ஆட்டம். ஒரு சீசன் கூட முழுதாக ஆடாத பையனைத் தேறமாட்டான் என்று எழுதி வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆடவிட்டால்தானே தெரியும்? ஆடவிட நம்மைப் போலத் தோற்றுக்கொண்டிருக்கும் அணியைவிடத் தோதான இடம் வேறு எது?

பழைய பிவட் · 6 பிப்ரவரி 2023

தம்பி, ஆட்டக் கணக்கு சரி. நிமிடக் கணக்கையும் பாருங்கள்.

ஒரு ஆட்டத்தில் சென்டர் இடத்துக்கு 48 நிமிடம்தான் உண்டு. ஜேலன் டூரன் இருக்கிறான். 19 வயது, இந்த சீசனில் லீக்கிலேயே இளைய ஆட்டக்காரன், போன வருஷம் 13ஆவதாக எடுக்கப்பட்டு நம்மிடம் வந்தவன். ஐசாயா ஸ்டூவர்ட் இருக்கிறான். மார்வின் பேக்லி இருக்கிறான், அவனுக்கு மூன்று வருஷத்துக்கு 37 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நெர்லன்ஸ் நோயெல் வேறு. ஓர் உறையில் இரண்டு வாளே இருக்காது. நாம் ஐந்தாவதைச் செருகப் பார்க்கிறோம்.

பேக்லி யார்? 2018இல் இரண்டாவதாக எடுக்கப்பட்டு, சாக்ரமென்டோவில் சரியாக அமையாமல் போனவன். 'நல்ல இடம் கிடைத்தால் மின்னுவான்' என்று சொல்லித்தான் சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னால், இதே பிப்ரவரியில் வாங்கினோம். இன்னும் மின்னவில்லை. அதே கதையை அடுத்த வருஷமே திரும்ப எழுத வேண்டுமா?

டூரன் நன்றாக வளர்கிறான். அவன் நிமிடத்தில் ஐந்து குறைந்தாலும் எனக்கு வயிறு எரியும்.

ஃப்ரீமாண்ட்வாசி · 6 பிப்ரவரி 2023

நான் வாரியர்ஸ் ரசிகன். வைஸ்மனின் ஆட்டங்களை ஒன்று விடாமல் பார்த்தவன். அவர் நல்ல இடத்துக்குப் போக வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

ஸ்டெஃப் கறி பந்தோடு வருகிறார், சென்டர் ஸ்க்ரீன் போட வேண்டும், அதாவது துரத்துகிறவரின் வழியில் நின்று மறிக்க வேண்டும். கெவான் லூனி வந்தால் இரண்டு காலையும் ஊன்றி, தோளைச் சுருக்கி, சுவர் மாதிரி நிற்பார். கறியைத் துரத்துகிறவர் லூனியின் நெஞ்சில் மோதித்தான் சுற்றிவர முடியும். கறிக்கு அந்த அரை நொடி போதும். வைஸ்மன் வந்தால், மோதல் நடப்பதற்கு முன்பே உடம்பு வளையத்தின் பக்கம் திரும்பிவிடும். வளையத்தருகே உயரத் தூக்கிப் போடும் லாப் பாஸ் வரும், பந்தை வளையத்துக்குள் அமுக்கி டங்க் அடிக்கலாம் என்று ஓடிவிடுவார். துரத்துகிறவர் அந்தச் சந்தில் நுழைந்து கறியின் மேலேயே நிற்பார். ஒரு முறை இரண்டு முறை அல்ல, நான் பார்த்த பாதி ஆட்டங்களில் இதே கதைதான்.

டிசம்பர் 21 புரூக்ளின் ஆட்டத்தில் அவர் 30 புள்ளி எடுத்ததைப் பலர் காட்டுவார்கள். 14 முறை வீசி 12 போட்டார், உண்மை. ஆனால் முதல் பாதியிலேயே நெட்ஸ் 91 புள்ளி அடித்து முடித்திருந்தது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் மறித்து ஆடவில்லை. அந்த 30ஐ நம்பி வாங்காதீர்கள்.

வாரியர்ஸ் ஏன் விற்கப் பார்க்கும் என்பதில் பணமும் உண்டு. இந்த வருஷ சம்பளம் 9.6 மில்லியன், அடுத்த வருஷம் 12.1 மில்லியன். சம்பளம் வரம்பைத் தாண்டியதால் ஆடம்பர வரி கட்டுகிற அணிக்கு அந்த 12.1 பல மடங்காகத் திரும்பி வரும். டெட்ராய்ட்டுக்கு அந்தத் தலைவலி இல்லை.

நோவைக்காரன் · 7 பிப்ரவரி 2023

ஸ்க்ரீன் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயம். ஏழடி உயரத்தோடு அந்த ஓட்டத்தை யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது.

நம் ஊர்க்காரர்களுக்கு டார்கோ மிலிசிச் பெயரைச் சொன்னாலே வலிக்கும். 2003இல் லெப்ரானுக்கு அடுத்து அவரை எடுத்தோம். கார்மெலோ ஆன்டனி, கிறிஸ் பாஷ், டுவைன் வேட் மூவரும் அவருக்குப் பிறகு போனார்கள். அவருக்கு என்ன ஆனது? கோப்பைக்கு ஆடுகிற அணியில் 18 வயதுப் பையனை உட்கார வைத்தோம். கடைசி நிமிடங்களில், ஆட்டம் முடிந்துபோன பிறகு, அரங்கமே கத்தினால் இறக்குவோம். 2006இல் ஆர்லாண்டோவுக்குக் கொடுத்துவிட்டோம். வைஸ்மனுக்கு கோல்டன் ஸ்டேட்டில் அதேதான் நடக்கிறது. நாம் செய்த தவறை இன்னொரு அணி செய்யும்போது நமக்கல்லவா முதலில் புரிய வேண்டும்?

இன்னொன்று. ஜெர்மைன் ஓ'நீல் போர்ட்லாண்டில் நான்கு வருஷம் பெஞ்சில் இருந்தார். 2000இல் டேல் டேவிஸைக் கொடுத்து இண்டியானா அவரை வாங்கியது. ஆறு முறை ஆல்-ஸ்டார் ஆனார். டைசன் சாண்ட்லர் 2001 டிராஃப்டின் இரண்டாவது ஆள், சிகாகோ விட்டுக்கொடுத்தது, பிறகு டல்லாஸில் கோப்பையும் நியூயார்க்கில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார். சென்டர்கள் தாமதமாகத்தான் பழுக்கிறார்கள்.

2004இல் கோப்பை வாங்கிய நம் ஐவரையே எடுத்துக்கொள்ளுங்கள். டேஷான் பிரின்ஸைத் தவிர நான்கு பேரும் வேறு அணிகள் கைவிட்டவர்கள்தானே? சான்சி பில்லப்ஸ் எத்தனை அணி அலைந்து வந்தார்!

ஸ்கார்பரோ தம்பி · 7 பிப்ரவரி 2023

அண்ணை, நான் ராப்டர்ஸ் ஆள் என்றாலும் டெட்ராய்ட் ஆட்டமும் விடாமல் பார்க்கிறனான். இரண்டு விஷயம் சொல்ல வேணும்.

சாண்ட்லர் சிகாகோவில் ஐந்து சீசன் ஆடிவிட்டுத்தான் போனவர். தடுப்பாட்டம் அவருக்கு அங்கேயே கைவந்துவிட்டது. புள்ளி மட்டும்தான் வரவில்லை. நியூ ஆர்லியன்ஸில் கிறிஸ் பால் பந்தைத் தூக்கிப் போட்டார், புள்ளியும் வந்தது. வைஸ்மனுக்கு யார் போடப் போகிறார்கள்? கேட் கன்னிங்ஹாம் இல்லை. ஜேடன் ஐவி முதல் வருஷப் பையன்.

அப்புறம், விலை என்ன? அதை யாரும் பேசவில்லை. டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமைகள், அதாவது இரண்டாம் சுற்று பிக்குகள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சடீக் பேயைக் கேட்டால்? 2020இல் 19ஆவதாக எடுத்த ஆள், முதல் வருஷமே சிறந்த புதுமுகங்களின் முதல் ஐவரில் வந்தவர். போன மார்ச்சில் ஆர்லாண்டோவுக்கு எதிராக 51 புள்ளி, அதில் பத்து மூன்று புள்ளி வீச்சு. இந்த சீசன் கொஞ்சம் சறுக்கல்தான். ஆனாலும் அவர் உயரத்தில் ஓடி ஆடி, தூரத்திலிருந்து போடுகிறவர்களை இன்றைக்கு எல்லா அணியும் தேடுகிறது. இருக்கிற சென்டர்களோடு இன்னொரு சென்டரைச் சேர்க்க, இல்லாத விங்கை, அதாவது ஓரத்தில் ஆடுகிறவரை, கொடுக்கிறதா?

பழைய பிவட் · 8 பிப்ரவரி 2023

ஸ்கார்பரோ தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். சாண்ட்லருக்கும் இந்தப் பையனுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் பயம்.

நான் கல்லூரிக் காலத்தில் ஐந்து வருஷம் பிவட், அதாவது சென்டர், ஆடியவன். பெரிய அளவில் ஒன்றுமில்லை, ஆனால் அந்த இடத்தில் நின்றவனுக்கு ஒன்று தெரியும். சென்டருக்குக் கண்தான் முதல் வேலை. பிக் அண்ட் ரோல் வருகிறது என்று வையுங்கள். பந்து வைத்திருப்பவன் ஸ்க்ரீனைத் தாண்டி, வளையத்தின் கீழுள்ள பெயிண்டுக்குள் வருகிறான், அவன் ஆள் பின்னால் துரத்துகிறான். எதிரணி சென்டர் என் இடது பக்கமாக வளையத்தை நோக்கி உருளுகிறான். நான் பின்னால் நகர்ந்துகொண்டே இருவரையும் பார்க்க வேண்டும். முன்னால் போனால் தலைக்கு மேல் லாப். பின்னாலேயே நின்றால் அவன் சாவகாசமாக வீசுவான். ஒரு கையைப் பந்துக்கும் ஒரு கையைப் பாஸுக்கும் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தாமல் நிற்க வேண்டும். வீசுவதுபோல் பொய்யாக ஒரு பம்ப் காட்டினால் குதிக்கக் கூடாது.

வைஸ்மன் குதிக்கிறான். ஒவ்வொரு முறையும் பந்தையே பார்க்கிறான், குதிக்கிறான், ஃபவுல் ஆகிறது, இல்லையென்றால் முதுகுக்குப் பின்னால் ரீபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து) போகிறது. நல்ல பையன், முயற்சி இருக்கிறது. ஆனால் டூரன் வயதில் இரண்டரை வருஷம் சின்னவன், இந்த இடத்தில் இப்போதே அவனைவிடத் தெளிவாக நிற்கிறான். இருவரும் ஒரே மெம்ஃபிஸில் ஒரே ஹார்டவேயிடம் ஆடியவர்கள். டூரன் அங்கே ஒரு முழு சீசன் ஆடினான், அதை மறுக்கவில்லை.

டார்கோ பற்றி: பிறகு மினசோட்டாவில் அவனுக்கு வேண்டிய நிமிடம் கிடைத்தது. தொடக்க சென்டராகவே ஆடினான். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நிமிடம் கிடைக்காமல் கெட்டவனும் உண்டு, நிமிடம் கிடைத்தும் வராதவனும் உண்டு. 2004 ஆட்கள் எல்லாம் வேறு இடத்தில் ஆட்டத்தைக் கற்று முடித்து நம்மிடம் வந்தவர்கள். அவர்களை இவனுக்கு உதாரணம் காட்ட முடியாது.

நோவைக்காரன் · 9 பிப்ரவரி 2023

முடிந்துவிட்டது! நான்கு அணி சேர்ந்த ட்ரேட். வைஸ்மன் டெட்ராய்ட்டுக்கு, பே அட்லாண்டாவுக்கு, கேரி பேட்டன் கோல்டன் ஸ்டேட்டுக்குத் திரும்புகிறார், போர்ட்லாண்டுக்கு ஐந்து இரண்டாம் சுற்று பிக்குகளும் கெவின் நாக்ஸும்.

பே போவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்த 51 புள்ளி ஆட்டத்தை என் மகளோடு பார்த்தேன், இன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஸ்கார்பரோ தம்பி · 9 பிப்ரவரி 2023

உங்கள் மகள் பக்கம்தான் நான்.

பழைய பிவட் · 10 ஏப்ரல் 2023

சீசன் நேற்று முடிந்தது. 17 வெற்றி, 65 தோல்வி. ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய கடன் இருக்கிறது.

வைஸ்மன் நமக்கு 24 ஆட்டம் ஆடினான். 12.7 புள்ளி, 8.1 ரீபவுண்ட். நான் நினைத்ததைவிட ரீபவுண்ட் அதிகம், ஓட்டமும் பார்க்க நன்றாக இருந்தது. தடுப்பாட்டத்தில் நான் சொன்ன இடத்திலேயே நிற்கிறான். டூரனும் அவனும் சேர்ந்து நின்றபோது பெயிண்டில் நடக்க இடமில்லை. அடுத்த சீசனில் யாருக்கு எத்தனை நிமிடம் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

நோவைக்காரன் · 25 அக்டோபர் 2024

இந்தப் பேச்சை மறுபடி மேலே கொண்டு வருகிறேன், மன்னிக்கவும். எங்கே சொல்வது என்று தெரியவில்லை.

நடந்ததைத் தெரியாதவர்களுக்காக: 2023-24இல் பிஸ்டன்ஸ் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்று, 14 வெற்றியோடு முடித்தது. வைஸ்மன் 63 ஆட்டம் ஆடினார், பெரும்பாலும் டூரனுக்கு மாற்றாக. சராசரி 7.1 புள்ளி. பழைய பிவட் அண்ணன் நிமிடம் பற்றிச் சொன்னது அப்படியே நடந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். சீசன் முடிந்ததும் டெட்ராய்ட் அவரை விட்டுவிட்டது. இண்டியானா எடுத்துக்கொண்டது.

நேற்று முன்தினம் சீசனின் முதல் ஆட்டம், இங்கே லிட்டில் சீசர்ஸ் அரங்கில், இண்டியானாவோடு. மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வைஸ்மன் பெஞ்சிலிருந்து வந்தார். ஐந்து நிமிடம்தான். குதிகால் தசைநாண் (அக்கிலிஸ்) அறுந்துவிட்டது. இந்த சீசன் அவருக்கு முடிந்தது.

அன்றைக்கு 63 என்று எழுதினேன். இப்போது கணக்கு 151.

பழைய பிவட் · 25 அக்டோபர் 2024

காலையில் செய்தி பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை தம்பி. 23 வயதுதான் ஆகிறது.

ட்ரேட் பற்றி நான் சொன்னது எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இந்த வருஷம் கூடைப்பந்தை யாரைப் பார்த்துத் தொடங்குவது என்று யோசித்தபோது, இண்டியானாவில் ஹாலிபர்ட்டன் பாஸ் கொடுக்க, இவன் எப்படி ஆடுவான் என்று பார்க்கத்தான் ஆசைப்பட்டேன்.

நீங்கள் நேரில் இருந்தீர்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ஸ்க்ரீன் போடும்போது காலை ஊன்றி நின்றானா?